யாரும் சொல்லாத பாட்டு சொல்லுங்கள்: சின்னக் குரல், கொஞ்சம் கிடார், நாலு நிமிடத்துக்குள்

காதுகொடுப்பவன் கேட்டது:

மெதுவான கிடார் பாட்டு ஒன்றை என்றோ ஒருநாள் செயலியில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அது என்னைத் தூங்க வைப்பதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டது. மழைச் சத்தத்தோடு கிடார், படிக்கும்போது கேட்கக் கிடார், மனம் ஆறக் கிடார். எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே மதியத்தில் வாசித்துத் தள்ளியது போலிருக்கிறது. பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயர்கூட நிற்பதில்லை.

எனக்கு வேண்டியது வேறு. குரல் பக்கத்தில் இருக்க வேண்டும், அதே அறையில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. வாத்தியம் கொஞ்சம் போதும். நாட்டுப்புறச் சாயலோ, இண்டியோ, பழைய பாப்போ, எதுவானாலும் சரி. எந்த மொழியானாலும் சரி. நாலு நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது.

ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் மூன்று ஆல்பங்களும் மனப்பாடம். லெனர்ட் கோஹன், சைமன் - கார்ஃபங்கல், ஜோனி மிட்செல் எல்லாம் கேட்டாயிற்று, அவர்களைச் சொல்ல வேண்டாம். ஐம்பது பாட்டுப் பட்டியலும் வேண்டாம், தயவுசெய்து. அப்படிப்பட்ட பட்டியல்கள் என் சேமிப்பில் நிறையக் கிடக்கின்றன, ஒன்றையும் திறந்ததில்லை. ஆளுக்கு இரண்டு மூன்று சொன்னால் போதும். ஆனால் ஏன் கேட்க வேண்டும், பாட்டில் எந்த இடத்தில் காதை வைக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.


ரயில்விசில்:

டானி அண்ட் ஜோ எமர்சன், 'பேபி', 1979. அமெரிக்காவில் ஒரு பண்ணையில் வளர்ந்த இரண்டு பையன்கள், அப்போது பதின்வயது. அப்பா பண்ணையிலேயே ஸ்டூடியோ கட்டிக் கொடுத்தார். ஆல்பம் வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து ஒரு ரெக்கார்ட் சேகரிப்பாளர் பழைய பொருள் கடையில் அதைக் கண்டெடுக்க, 2012இல் மறுபடி வெளிவந்தது. நீங்கள் கேட்ட கிடார் பாட்டு இல்லை, சோல் இசையின் சாயல் அதிகம். ஆனால் குரல் காதுக்குள் இருக்கிறது. எங்கே காது வைப்பது என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. போட்டுக் கேளுங்கள்.


பழையடேப்:

நிக் டிரேக் மனப்பாடம் என்கிறீர்கள். அப்படியானால் பாதி வேலை முடிந்தது, அங்கிருந்தே நடக்கலாம்.

பாட்டுத் தேட எனக்குத் தெரிந்த ஒரே வழி, பாடகரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நின்றவர்களைப் பிடிப்பது. யார் ஒலிப்பதிவு செய்தார், யார் வயலினுக்கு எழுதிக் கொடுத்தார், யார் தயாரித்தார், பிற்காலத்தில் எந்தச் சின்ன நிறுவனம் மறுபடி வெளியிட்டது. செயலி பெரும்பாலும் 'இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்' என்ற கணக்கில்தான் ஓடுகிறது. யாருமே கேட்காத பாட்டுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. ஆல்பம் அட்டையின் பின்பக்கத்துக்கு அந்தக் குறை இல்லை.

சரி, நிக் டிரேக்கின் முதல் ஆல்பத்தை எடுங்கள். தயாரித்தவர் ஜோ பாய்ட். வயலின் பகுதிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ராபர்ட் கர்பி, நிக்கின் கல்லூரி நண்பர். இந்த இரண்டு பெயர்களும் 1970இல் வந்த இன்னொரு ஆல்பத்தின் பின்னட்டையிலும் சேர்ந்து வருகின்றன. பாடகி வஷ்டி பன்யனின் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே'. குதிரை வண்டி கட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிப் போன பயணத்தில் அமைந்த பாட்டுகள் அவை. ஆல்பம் விற்கவில்லை. பாட்டே வேண்டாமென்று விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்க்கப் போய்விட்டார். 1997இல் இணையத்தில் தன் பெயரைத் தானே தேடிப் பார்த்தபோதுதான் அந்த ரெக்கார்டைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது என்று அவருக்கே தெரிந்தது. 2000இல் மறுவெளியீடு, 2005இல் இரண்டாவது ஆல்பம். நடுவில் முப்பத்தைந்து வருஷம். முதலில் 'டயமண்ட் டே' கேளுங்கள், இரண்டு நிமிடம்கூட வராது. புல்லாங்குழல் மாதிரியான ரெக்கார்டர் குழல்கள் சேரும்போது சாதாரணமாக எந்தப் பாடகரும் குரலைக் கொஞ்சம் ஏற்றுவார். இவர் ஏற்றமாட்டார்.

அடுத்த பாட்டு நிக் டிரேக்கின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவருடைய அம்மா மாலி டிரேக்.

1950களில் மாலி தானே எழுதிய பாட்டுகளை வீட்டுப் பியானோவில் வாசித்துப் பாடுவார். கணவர் ராட்னி பொறியாளர், டேப் ரெக்கார்டரில் அவற்றைப் பதிந்து வைத்தார். வெளியிடும் எண்ணமெல்லாம் யாருக்கும் இல்லை. மகன் இறந்தது 1974இல், மாலி இறந்தது 1993இல். பாட்டுகள் ஆல்பமாக வந்தது 2011இல். நிக் டிரேக்கின் ஆல்பங்களைப் பதிந்த ஜான் வுட்தான் இந்த டேப்புகளையும் சீர்செய்தார். பாருங்கள், மறுபடியும் அதே பின்னட்டைப் பெயர்.

'ஐ ரிமெம்பர்' என்ற பாட்டு. இருவர் சேர்ந்து போன இடங்களைப் பாடுபவர் நினைத்துப் பார்க்கிறார். ஏப்ரல் மழையில் நடந்து ஒரு சத்திரத்துக்குப் போகிறார்கள்: பாடுபவருக்குக் கணப்பின் வெளிச்சம் ஞாபகம் இருக்கிறது, கூட வந்தவருக்குப் புகை. கோடையில் ஓடைக்கரை: இவருக்கு வில்லோ மரங்கள், அவருக்குக் கொசு. ஸ்பானியச் சந்தை: இவருக்கு ஆரஞ்சுப் பழம், அவருக்குத் தூசி. முதலில் சிரிப்புத்தான் வரும், பாட்டும் சிரித்த முகத்தோடுதான் போகிறது. ஒவ்வொரு சரணமும் அதே அச்சில் வந்து விழுவதால், அடுத்தது என்ன என்று நாமே ஊகிக்கத் தொடங்குகிறோம். கடைசிச் சரணத்தில் அந்த அச்சு உடைகிறது. வரிகள் நீள்கின்றன. இரண்டு நெஞ்சும் ஒன்றாக இருந்ததாக இத்தனை காலம் நினைத்தது தான் ஒருவர்தான் என்ற இடத்துக்குப் பாட்டு வந்து நிற்கிறது. குரலில் அழுகை இல்லை, இழுவை இல்லை. மரியாதையாகப் பேசிப் பழகிய ஒரு பெண்மணி, பியானோவில் கையை எடுக்காமல் சொல்லிவிட்டுப் போகிறார். நீங்கள் காதை வைக்க வேண்டிய இடம் அதுதான்: அச்சு உடைகிற அந்த ஒரு நொடி. இந்த அம்மாவின் சுருதியை அறிந்தபின் மகனின் ஆல்பங்களைத் திரும்பக் கேட்டால், அந்த வினோதமான ஸ்வர நகர்வுகள் வானத்திலிருந்து விழவில்லை என்பது தெரியும்.

மாலி டிரேக்கை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ஸ்க்விரல் திங். அணில் மாதிரி ஏதோ ஒன்று என்கிற அந்தப் பெயர் வேறொரு பெண்ணின் பாட்டிலிருந்து வந்தது. அவர் கானி கன்வர்ஸ். 1954 வாக்கில் நியூயார்க் பக்கம் ஜீன் டைட்ச் என்ற கார்ட்டூன் படக்காரரின் வீட்டில், நண்பர்கள் சூழ உட்கார்ந்து கிடாரோடு பாடினார். டைட்ச் டேப்பில் பிடித்து வைத்தார். பாட்டை எழுதியவரே பாடுவது அன்றைக்கு அவ்வளவாக வழக்கமில்லை, எந்த நிறுவனமும் சீண்டவில்லை. 1974இல் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கடிதம் எழுதிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. 2004இல் டைட்ச் ஒரு வானொலி நிகழ்ச்சியில் பழைய டேப்பைப் போட, அதைக் கேட்ட இளைஞர்கள் தேடிப் போய் 2009இல் ஆல்பமாகக் கொண்டுவந்தார்கள்.

'டாக்கிங் லைக் யூ' என்ற பாட்டைப் போடுங்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே தனிமை என்று பெயர் வைத்த ஒரு இடம். அங்கே எனக்குத் தனிமையே இல்லை என்கிறார், ஏனென்றால் அங்கிருக்கும் எல்லாமே உன்னை மாதிரியே பேசுகிறது. மரத்திலிருக்கும் அணில் நாம் சண்டை போட்டது போலவே சத்தம் போடுகிறது. நான் வளர்க்கும் பன்றிகள் நீ வந்த மாதிரியே சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகின்றன. இந்தக் கேலிக்கெல்லாம் அடியில் ஓடுகிற கிடார் மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குச் சோகக்கதை கிடையாது, தொழிற்சாலைக் கதைதான். லால் வாட்டர்சன், மைக் வாட்டர்சன், தங்கையும் அண்ணனும். வாத்தியமே இல்லாமல் இங்கிலாந்தின் பழைய பாட்டுகளைக் குடும்பமாகச் சேர்ந்து பாடிப் பேர் வாங்கியவர்கள். 1972இல் சொந்தமாக எழுதிய பாட்டுகளோடு 'பிரைட் ஃபீபஸ்' என்ற ஆல்பம் போட்டார்கள். ரிச்சர்ட் தாம்சன், மார்ட்டின் கார்த்தி மாதிரி பெரிய கிடார்க்காரர்கள் எல்லாம் வாசித்தது. அச்சடித்தது இரண்டாயிரம் பிரதி, அதில் பாதிக்கு நடு ஓட்டை நடுவில் இல்லை. ஓட்டை கொஞ்சம் தள்ளியிருந்தால் என்ன ஆகும் தெரியுமா? ரெக்கார்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசியை உள்ளேயும் வெளியேயும் இழுக்கும். பள்ளம் ஊசிக்கடியில் ஓடும் வேகம் கூடிக் குறையும், சுருதியும் கூடவே ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 33 சுற்று என்றால் ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒரு ஆட்டம். சுருதி பிசகாமல் பாடுவதற்கே பேர்போன குடும்பத்தின் ரெக்கார்ட் அப்படி வெளிவந்தது. பழைய பாட்டுகளை எதிர்பார்த்த ரசிகர்களுக்கும் அதன் போக்கு பிடிக்கவில்லை. 2017இல் நல்ல மறுபதிப்பு வரும்வரை அது கேள்விப்பட்டவர்கள் மட்டும் தேடுகிற சரக்காகவே இருந்தது. 'ஃபைன் ஹார்ஸ்மேன்' கேளுங்கள், லால் பாடுவது. வரி முடிகிறது என்று நீங்கள் நினைக்கும் ஸ்வரத்தில் முடியாது. பக்கத்து ஸ்வரத்தில் போய் உட்காரும், அதுவே சரி என்று கொஞ்ச நேரத்தில் ஒப்புக்கொள்ள வைக்கும்.


நாலாம்கட்டை:

பழையடேப் அண்ணே, எல்லாம் அருமையான தேர்வு. ஆனால் ஒரு சண்டை போட்டே ஆகவேண்டும். இந்தப் 'புதையல் பாட்டு' கூட்டத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம், பாட்டுக்கு முன்னால் கதை வந்து நிற்பது. ஒருத்தர் காணாமல் போனார், ஒருத்தர் குதிரை வண்டியில் போனார், ஒருத்தரின் மகன் செத்துப்போனான். அதைப் படித்துவிட்டுக் கேட்டால் சாதாரணப் பாட்டும் கண்ணீர் வரவைக்கும். குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் யார்? ஊர் தெரியாது, உண்மைப் பெயர்கூடத் தெரியாது. அவர் சொன்ன உவமையையே பெயராக ஒட்டிவிட்டார்கள். ஓரேருழவனாரும் அப்படித்தான். வாழ்க்கைக் குறிப்பு இல்லாததால் அந்தப் பாட்டுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

கதையே வேண்டாத ஒரு பாட்டு நான் சொல்கிறேன். எலிசபெத் காட்டன், 'ஷேக் ஷுகரீ', 1967. சின்னப் பெண் ஒருத்தி பாடுகிறாள். ஒவ்வொரு சரணத்திலும் ஏதோ ஒன்று அடகுக்குப் போகிறது. கடிகாரம், சங்கிலி, வண்டி, குதிரை. என் பேரில் இருந்த எல்லாமே போச்சு என்கிறாள், தாலாட்டு மாதிரியான குரலில். அவ்வளவு சந்தோஷமாக யாரும் போண்டியானதில்லை.


பழையடேப்:

நாலாம்கட்டை, சண்டை நியாயமானதுதான், பாதி. கானி கன்வர்ஸின் பாட்டு அவர் காணாமல் போனதால் நன்றாக இல்லை. அவர் ஒழுங்காகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு இருந்திருந்தாலும் அந்த அணில் அணில்தான். அவருடைய 'ரோவிங் உமன்' கேட்டிருக்கிறீர்களா? ஊர் சுற்றும் பெண்ணை உலகம் சும்மா விடாது, சீட்டாட உட்கார்ந்தால்கூட யாராவது ஒருவர் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறார் என்று அலுத்துக்கொள்கிற பாட்டு. அதற்கு எந்த மர்மக் கதையும் பொருந்தாது.

ஆனால் சொன்ன கதைகளில் ஒரு பாதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாட்டு எப்படித் தவறிப்போனது என்பது கண்ணீர்க் கதை இல்லை, அது தேடுவதற்கான வழி. ஓட்டை தள்ளிப்போனது, நிறுவனம் மூடப்பட்டது, டேப் அலமாரியில் இருந்தது. காரணம் இவ்வளவு அற்பம் என்று தெரிந்தால்தான் 'நன்றாக இருந்திருந்தால் நமக்கே வந்து சேர்ந்திருக்கும்' என்ற நினைப்பு போகும். அந்த நினைப்பு இருக்கிறவரை யாரும் தேடமாட்டார்கள்.

நீங்கள் சொன்ன 'ஷேக் ஷுகரீ'யையே எடுங்கள். பாடுவது பிரெண்டா எவன்ஸ், எலிசபெத் காட்டனின் கொள்ளுப்பேத்தி. கிடார் வாசிப்பது காட்டன். அவர் இடதுகைக்காரர், வலதுகைக்காரருக்குக் கம்பி கட்டிய கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்தவர். அதனால் மற்றவர்கள் கட்டைவிரலால் மீட்டும் தடித்த கம்பிகளை இவர் மற்ற விரல்களால் மீட்டுவார், மெட்டு கட்டைவிரலில் வரும். எல்லோருக்கும் கனமாக விழும் ஒலி இவரிடம் லேசாகவும், லேசாக வருவது தெளிவாகவும் விழுவது அதனால்தான். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் கண்ணீர் வராது, ஆனால் காது திறக்கும். முதல் ஆல்பம் வரும்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பாடகி பெக்கி சீகரின் குடும்பத்தில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தார். சரி சரி, இதையும் கதை என்பீர்கள். நிறுத்திக்கொள்கிறேன்.


பேஸ்கிடார்:

எல்லோரும் டேப் இரைச்சலிலேயே மூழ்கிவிட்டீர்கள். கேள்வியில் பாப்பும் இருக்கிறதே. என் பங்குக்கு மூன்று.

பிக் ஸ்டாரின் 'தர்ட்டீன்', 1972. கிடாரும் குரலும் மட்டும்தான், இரண்டரை நிமிடம். பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரை கூட வரட்டுமா என்று ஒரு பையன் கேட்கிறான். பாடுகிற அலெக்ஸ் சில்டன் பதினாறு வயதில் வேறொரு குழுவில் முதலிடப் பாட்டுப் பாடியவர், அங்கே குரல் கிழவனைப் போல் கரகரக்கும். இங்கே இருபதைத் தாண்டியபின் பதின்மூன்று வயதுக்காரனாகப் பாடுகிறார். ஆல்பத்துக்கு விமர்சனங்கள் எல்லாம் பிரமாதமாக வந்தன, கடையில் மட்டும் சரக்கு இல்லை. விநியோகத்தில் குளறுபடி. பழையடேப் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாவது, கோ-பிட்வீன்ஸின் 'கேட்டில் அண்ட் கேன்', 1983. ஆஸ்திரேலியக் குழு, எழுதியவர் கிராண்ட் மெக்லெனன். கரும்புக் காட்டு வழியே பள்ளியிலிருந்து தகர வீட்டுக்கு நடந்து வரும் பையனின் ஞாபகம், அப்பாவின் கைக்கடிகாரத்தைக் குளியலறையில் விட்டுவிட்டு வந்த ஞாபகம். எந்த ஞாபகத்துக்கும் விளக்கம் கிடையாது, ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காலால் தாளம் போட்டுப் பாருங்கள். நாலு நாலாகப் போட்டால் தவறும். ஒரு சுற்றுக்குப் பதினொன்று வரும். அப்படிக் கோணல் தாளம் போடும் குழுக்கள் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொள்ளும். இவர்கள் காட்டிக்கொள்வதில்லை, கேட்பவருக்கு ஏதோ அடிக்கடி கால் தடுக்குகிறது என்று மட்டும் தோன்றும். முடிவில் இன்னொரு குரல் வந்து பேசுகிற மாதிரி நாலு வரி சொல்லும், அது ராபர்ட் ஃபார்ஸ்டர். எனக்கு இந்தப் பாட்டில் பிடித்தது பேஸ். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

மூன்றாவது ஜப்பானியப் பாட்டு. ஹாப்பி எண்ட் என்ற குழு, 'கஸே ஓ அட்சுமெத்தே', 1971. ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்று அங்கே ஒரு பெரிய சர்ச்சையே நடந்த காலம். இவர்கள் முடியும் என்ற பக்கம். வாதம் செய்வதற்குப் பதிலாக இந்த ஆல்பத்தைப் போட்டார்கள். பாடுவது ஹருவோமி ஹொசோனோ, மூடுபனியில் அப்போதுதான் தூங்கி எழுந்த ஒரு டிராம் வண்டி கடலைக் கடந்து போகிறது என்று பாடுகிறார். காற்றைச் சேர்த்துக்கொண்டு நீலவானில் போக வேண்டும் என்பது பல்லவி. 2003இல் ஒரு ஹாலிவுட் படத்தில் வந்தபின் வெளியே கொஞ்சம் தெரியவந்தது. வார்த்தை புரியாமல் கேட்டாலும், குரல் எதையும் விற்கப் பார்க்கவில்லை என்பது புரியும்.

மார்கோ குர்யனையும் ஒருவரியில் சொல்லிவிடுகிறேன்: 'திங்க் ஆஃப் ரெயின்', 1968. மேடையேறி ஊர் ஊராகப் பாட மாட்டேன் என்றார், நிறுவனம் ஆல்பத்தைக் கைவிட்டது. கிசுகிசுப்பான குரல், ஆனால் அடியில் இருப்பது ஜாஸ் படித்த மூளை.


காதுகொடுப்பவன்:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் கேட்டேன், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வஷ்டி பன்யன் எனக்கு ஒட்டவில்லை. நர்சரிப் பாட்டு மாதிரி இருக்கிறது, அந்த இனிமை கொஞ்சம் திகட்டுகிறது. 'பேபி'யும் அப்படித்தான், ரயில்விசில் கோபிக்க வேண்டாம். மாலி டிரேக் தூக்கிப் போட்டுவிட்டது. கொசு வரும் இடத்தில் உண்மையிலேயே வாய்விட்டுச் சிரித்தேன், அதனால்தான் கடைசிச் சரணம் அவ்வளவு வலித்தது. பதினொன்று எண்ணிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன், பாட்டு நன்றாக இருந்தது. ஜப்பானியப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

'ஃபைன் ஹார்ஸ்மேன்' பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிடித்ததா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் பல் துலக்கும்போது அந்த மெட்டுதான் வருகிறது, அதுவும் தப்பான ஸ்வரத்தில் முடிகிறது.

ஒரே ஒரு குறை. எல்லாம் பழசு. இப்போது உயிரோடு இருந்து பாடிக்கொண்டிருக்கிறவர்கள் யாரும் இல்லையா? இன்னொன்று, இந்தப் பின்னட்டைப் பெயர்களை எங்கே பார்ப்பது? என்னிடம் ரெக்கார்டும் இல்லை, பின்னட்டையும் இல்லை.


பழையடேப்:

வஷ்டி பன்யன் பிடிக்காமல் போனதில் தப்பே இல்லை. பிடிக்காததைப் பிடிக்காதது என்று சொல்ல முடிந்தால்தான் மற்றது பிடித்தது என்று நாங்களும் நம்புவோம். லால் வாட்டர்சன் இப்படித்தான் வேலை செய்வார். அந்தத் 'தப்பான' ஸ்வரத்தைத் திருத்திப் பாடிப் பாருங்கள், சப்பென்று ஆகிவிடும். அடுத்து அதே ஆல்பத்தில் 'தி ஸ்கேர்குரோ' இருக்கிறது, மைக் பாடுவது. வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையில் ஆரம்பித்து எங்கே போகிறது என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி தனியாகக் கேட்க வேண்டாம்.

இப்போதைய ஆட்களில் இருவரைச் சொல்கிறேன். கனடாவின் மிரியம் ஜெண்ட்ரான், 2014இல் வந்த முதல் ஆல்பம். அமெரிக்கக் கவிஞர் டொரோதி பார்க்கரின் கவிதைகளுக்கு மெட்டுப் போட்டு, கிடாரோடு தனியாகப் பாடியிருக்கிறார். பார்க்கர் நக்கலுக்குப் பேர்போனவர், கடைசி வரியில் குத்துவார். ஜெண்ட்ரான் அந்தக் குத்தை அழுத்திச் சொல்வதே இல்லை, முன்வரியைப் பாடிய அதே தொனியில் கடந்துவிடுகிறார். முதல் பாட்டு 'த்ரெனடி'யில் இருந்து தொடங்குங்கள். குரல் தாழ்ந்தது, சற்றுக் களைத்தது, திகட்டவே திகட்டாது. உங்களுக்கு இதுதான் சரிப்படும் என்று பந்தயம் கட்டுவேன்.

மற்றவர் ஜெசிகா பிராட், 2012இல் வந்த முதல் ஆல்பத்தில் 'நைட் ஃபேசஸ்'. டிம் பிரெஸ்லி என்ற இசைக்கலைஞர் அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு, இதை வெளியிடுவதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார். குரல் கொஞ்சம் விநோதம், பழைய வானொலியிலிருந்து வருவது போலிருக்கும். சிலருக்கு அது ஒத்துவராது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பின்னட்டை விஷயம். டிஸ்காக்ஸ் தளத்தில் ஆல்பத்தின் பெயரைப் போட்டால் பதிப்பு வாரியாக வரும், கீழே யார் யார் என்ன வாசித்தார்கள் என்று இருக்கும். ஒரு பெயரைத் தொட்டால் அவர் வேலை செய்த மற்ற ஆல்பங்கள் எல்லாம் விரியும். முதல் பதிப்பின் பக்கத்தை மட்டும் பார்க்காமல் மறுபதிப்பின் பக்கத்தையும் பாருங்கள், அங்கேதான் வெளியிட்ட சின்ன நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதைத் தொடுங்கள். பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இன்னொரு வசதி உண்டு. ஆல்பம் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும், ஒருவரைத் தொட்டால் அவர் வேறு என்னவெல்லாம் வாங்கினார் என்று தெரியும். எல்லாரிடமும் இருக்கும் ஆல்பத்தில் இதைச் செய்தால் பயனில்லை. பத்து இருபது பேர் மட்டும் வாங்கிய ஆல்பமாகப் பார்த்துத் தொடுங்கள். காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்றால் தூங்குவதற்காக வாங்கியிருக்க மாட்டார்.

ஒலியைச் சரிசெய்யும் ஈக்வலைசரில் பேஸ், அதாவது அடி ஒலி, கூட்டி வைத்திருந்தால் இறக்கிவிடுங்கள். வீட்டில் பதிந்த டேப்புகளில் அங்கே இருப்பது உறுமல் மட்டும்தான்.


நாலாம்கட்டை:

எந்த மொழியானாலும் சரி என்றார், நாம் ஜப்பானோடு நிறுத்திவிட்டோம். எத்தியோப்பியத் துறவி எமஹோய் செகே மரியம் கெப்ருவைப் பியானோக்காரராகப் பலருக்குத் தெரியும், 2023இல் 99 வயதில் மறைந்தார். அவர் பாடியும் இருக்கிறார். 1977க்கும் 1985க்கும் இடையில் கேசட்டில் பதிந்தவை, அம்ஹாரிக் மொழி, 2024இல்தான் 'சுவனீர்ஸ்' என்று ஆல்பமாக வந்தது. 'கிளவுட்ஸ் மூவிங் ஆன் தி ஸ்கை' முதலில். பியானோ தனக்கென்று ஒரு காலப்பிரமாணத்தில் போகிறது, குரல் அதைத் துரத்துவதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. காதுகொடுப்பவன், இதற்கும் தாளம் எண்ணாதீர்கள்.